வீடு என்று வந்த சீட்டு

யாருக்காவது காசநோய் என்றால் எங்கள் பென்னலூரில் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுகிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. எனக்கு வந்தது, போனது, இதோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. மகள் வசந்தா தத்தித் தத்தி நடந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்று நடும்போது இருமல் தொடங்கியது. சேற்றுக் குளிர் என்றார்கள். அறுவடை வந்தும் இருமல் போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், விடிவதற்குள் பாயெல்லாம் வேர்வை, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒருநாள் களத்துமேட்டில் இருமித் துப்பினேன். சிவப்பாக இருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே என் வீட்டுக்காரர் முனிரத்தினம் நிற்கிறார். மறுநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டார். டாக்டர் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மதராஸுக்குப் போங்கள் என்றார்.

போவதற்குள் சேதி பரவிவிட்டது. ஆளாளுக்கு ஒரு மருந்தோடு வந்தார்கள். ஆட்டு நெஞ்செலும்புச் சாறு குடித்துத் தன் சித்தப்பன் பிழைத்தான் என்றார் ஒருவர். கழுதைப்பால் என்றார் இன்னொருவர். வயல் நத்தையைச் சமைத்துத் தின்றால் ஒரே மாதத்தில் போய்விடும் என்று ஒரு அம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எல்லோர் கையிலும் பிழைத்த ஆள் ஒருத்தன் இருந்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன் ஏழுமலை, எனக்கு மூத்தார், யார் சொன்னதையும் விடவில்லை. தேடி அலைந்து எல்லாவற்றையும் வாங்கி வந்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினேன். எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

மதராஸில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வெளித் திண்ணையில் காத்திருந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. நூறு பேர் இருமுகிற சத்தம். ஒருவர் இருமல் ஓய்ந்தால் அடுத்தவருக்குத் தொடங்கும். எல்லோரும் முந்தானையையும் துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். இத்தனை பேருக்கா இது என்று நினைத்தபோது பயமும் கொஞ்சம் தைரியமும் சேர்ந்தே வந்தன.

பரிசோதனைக்காகப் பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே ஆழமாக இருமி, மூடி போட்ட டப்பாவில் சளி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி தெரியும். தெரியாவிட்டாலும் விடமாட்டார்கள். நாம் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அந்தச் சளியைக் குழாயில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரே எடுத்து, டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய என் நெஞ்சில் வலது பக்கம் மேலே வெள்ளையாகப் புகைபோல ஒன்று. அதன் நடுவில் ஒரு ஓட்டை. என் உடம்புக்குள் இருப்பதை நானே பார்த்தேன். பயப்பட்டேன்தான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டில் மேரி. படப்பைப் பெண், என்னைவிடச் சின்னவள். புருஷன் அந்தோணி தச்சு வேலை செய்கிறவர். அவளுக்குப் பால்குடிக் குழந்தை, பையன். தொற்றிக்கொள்ளும் என்று நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். குளியலறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, ஈர ரவிக்கையோடு திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

"அழுதுடு மேரி, அடக்காத," என்று ஒருநாள் சொன்னேன்.

"அழுதா இருமல் வருதுக்கா," என்றாள்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஒரே வழி சானடோரியம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். படுக்கையோ கொஞ்சம், நோயாளியோ ஊர்கொள்ளாத கூட்டம். பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். மேரியின் சொந்த அக்காவே அப்படிப் போனவள்தான்.

பரிசோதனை எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும், வந்திருந்த ஆண்களையும் சேர்த்து உட்கார வைத்தார். முப்பது வயதிருக்கும் அவருக்கு. சிரிக்க மாட்டார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்.

"புது மாத்திரை வந்திருக்கு. சானடோரியத்துல வெச்சுக் குடுத்தா நல்லாகுது, அது தெரியும். அதே மாத்திரையை வீட்டுல இருந்தே சாப்பிட்டாலும் அதே அளவு நல்லாகுமா, கூட இருக்கிறவங்களுக்கு ஒட்டாம இருக்குமா, அது தெரியாது. அதுக்காகத்தான் இந்த ஆராய்ச்சி. சம்மதிச்சா, யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம்னு நான் முடிவு பண்ண மாட்டேன். ஒட்டின உறைக்குள்ள சீட்டு இருக்கும். அது சொல்றதுதான்."

என் மூத்தார் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "உங்களுக்கே தெரியாதாம்மா?"

"எனக்குத் தெரியாது. இன்னிக்கு யாருக்குமே தெரியாது."

நான் அசந்துபோனேன். ஆட்டெலும்பு தெரிந்தவருக்கும் நத்தை தெரிந்தவளுக்கும் சந்தேகமே இல்லை. இத்தனை படித்த இந்த அம்மாள் எங்கள் எல்லோர் முன்னாலும் தெரியாது என்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை விழுந்தது.

சம்மதித்தோம். உறையை எங்கள் கண் முன்னால்தான் கிழித்தார். மேரிக்குச் சானடோரியம். எனக்கு வீடு.

மூத்தாரின் முகம் செத்துப்போயிற்று. "கை கழுவிட்டாங்கடா," என்று தம்பியிடம் முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு வசந்தாவின் முகம்தான் வந்தது. ஒரே அறை இருக்கும் வீடு எங்களுடையது. நான் இருமினால் அந்தக் காற்றில்தான் அவள் மூச்சு விட வேண்டும். நான் செத்தாலும் போகட்டும், குழந்தையைக் கொன்றுவிட்டா சாக வேண்டும் என்று மனசு பதறியது. பக்கத்தில் மேரி, எல்லோரும் ஆசைப்படுகிற சீட்டை வாங்கிக்கொண்டு, ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் ஏரித் தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு எப்போது பாய்ச்சுவது என்று சீட்டுப் போடுவோம். பானைக்குள் பேர் எழுதிய ஓலைத்துண்டு. வந்த முறை வந்ததுதான். ஆனால் ஒன்று உண்டு. நாற்று வாடுகிறவன், தாக்குப்பிடிக்கிற வயல்காரனிடம் போய்க் கேட்பான். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். முறையும் மாறிவிடும். வெற்றிலையை வாங்கிவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது. அதில் திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. ஊரே நல்ல காரியம் என்றுதான் சொல்லும்.

மூத்தார்தான் எங்கள் ஊரில் அந்தப் பானையை வைத்துக்கொண்டிருப்பவர். அவர் எழுந்து அந்தோணியைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகமும் மலர்ந்திருந்தது. அந்தோணி கையில் வெற்றிலை பாக்கு. மேரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் பாரம் இறங்கியது. அவளுக்குத் தினமும் குழந்தையைக் கண்ணாலாவது பார்க்கக் கிடைக்கிறது, எனக்குப் படுக்கை கிடைக்கிறது, வசந்தாவும் தப்பினாள். எல்லோருமாக டாக்டரம்மாவிடம் போனோம், ஏதோ கல்யாணச் சேதி சொல்லப் போவதுபோல.

"மாத்திக்கினோம்மா," என்றார் மூத்தார்.

"எதை?"

"சீட்டைத்தான். இவங்க வூட்டுக்குப் போட்டும், எங்க தனம் சானடோரியம் போட்டும். ரெண்டு பேருக்கும் சம்மதம். வெத்தல பாக்கு மாத்தியாச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஊர் வழக்கத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு மூத்தாரிடம் கேட்டார்:

"உங்க ஊர்ல முதல் தண்ணியை மாத்தி வாங்குறவன் யாரு?"

"நாத்து வாடிக்கினு கீறவன்."

"அறுவடையில அவனுக்கு நெல்லு கம்மியா வந்தா? முதல் தண்ணி வாங்குனவன் நெல்லு கம்மி, கடைசித் தண்ணி வாங்குனவன் நெல்லு ஜாஸ்தி. வெளியூர்க்காரன் பார்த்தா என்ன சொல்லுவான்?"

மூத்தார் யோசித்தார். "கடசித் தண்ணிதான் நல்லதுன்னு சொல்லுவான். ஆனா அது ராங்காச்சேம்மா. அவன் நெலம் முன்னாடியே வாடுனது. தண்ணி மேல இன்னா தப்பு?"

"வெளியூர்க்காரனுக்கு அது தெரியுமா?"

"எப்புடித் தெரியும்? மாத்திக்கினது அவனுக்குத் தெரியாதே," என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த துண்டை மெல்ல மடித்தார்.

"மாத்தாம இருந்தா?" என்று டாக்டரம்மா விடவில்லை.

"வாடுனதும் வாடாததும் ரெண்டு பக்கமும் கலந்து விழும். அப்ப தெரிஞ்சிடும், தண்ணியா நெலமான்னு."

"அதேதான். ரொம்ப பயந்தவங்க, ரொம்ப முடியாதவங்க எல்லாம் சானடோரியத்துக்கு மாத்திக்கிட்டா, அங்கே சாவு ஜாஸ்தியா இருக்கும். வீடுதான் நல்லதுன்னு நாங்க தப்பா எழுதுவோம். அப்புறம் வர்ற நோயாளிங்க எல்லாரும் அந்தத் தப்பைத்தான் சாப்பிடணும்."

நான் நத்தைக் கறி சொன்ன அம்மாளைப் பற்றிச் சொன்னேன். பிழைத்த ஆளைக் காட்டுகிறார்களே, அது பொய்யா என்று கேட்டேன்.

"பொய் இல்ல. பொழைச்சவன்தானே வந்து சொல்றான்? நத்தை தின்னுட்டு செத்தவன் வந்து சொல்ல மாட்டான். ஒருத்தர் பொழைச்சா அது பதில் இல்லம்மா. நிறையப் பேரை, பொழைச்சவங்க செத்தவங்க யாரையும் விடாம எண்ணணும். எங்க கணக்கு மட்டும்கூடப் போதாது. வேற ஊர்ல, வேற நாட்டுல இதே மாதிரி பார்க்கிறவங்க கணக்கையும் பக்கத்துல வெச்சு, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அப்பதான் தெரியுதுன்னு வாய் திறந்து சொல்லலாம்."

பென்னலூர் தாண்டாத என் நெஞ்சுக்குள் இருக்கிற ஓட்டை, முகம் தெரியாத தேசத்தில் யாரோ ஒருத்தியின் நெஞ்சோடு சேர்ந்து ஒரு கணக்கில் நிற்கப் போகிறதா? எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டாம் என்றால் ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம், அப்போதும் தன்னால் முடிந்த வைத்தியம் உண்டு. ஆனால் சீட்டை மாற்ற முடியாது. அந்தோணி வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தார். மூத்தார் வாங்கிக்கொண்டார். அப்படி வெற்றிலை திரும்பி வந்ததை நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

மேரி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "நான் வெலகிட்டா உங்க கணக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"ஒரு ஆள் குறையும். அவ்வளவுதான். உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. எல்லாரும் விலகிட்டா, எப்பவுமே தெரியாமப் போயிடும்."

மேரி ரவிக்கையின் ஈரத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கக்கா படுக்க கெடைக்கும் கெடைக்கும்னு வாசலைப் பாத்துக்கினே போய்ட்டா. வூட்லயே கொணமாவும்னு அன்னிக்கு யாராவது தெரிஞ்சு சொல்லியிருந்தா, அவ இருந்திருப்பா. நான் போறேன்."

அந்தோணி அழுதுவிட்டார். மறுநாள் காலை வண்டி வந்தது. மேரி ஏறுவதற்கு முன்னால் என் கட்டிலுக்கு வந்தாள். "யக்கா, நீ மாத்திரையை ஒழுங்கா முழுங்கு. நீ ஏமாத்துனா நான் என் புள்ளய வுட்டுட்டுப் போறது வீணு," என்றாள். அதைக் கெஞ்சிச் சொல்லவில்லை. மிரட்டித்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தேன். பாதி வேட்டியைத் திரையாகக் கட்டி எனக்கு ஒரு மூலை, தனித் தட்டு, தனிச் சொம்பு. சின்ன மாத்திரை ஒன்று, அதோடு பெரிய வில்லைகள். அந்த வில்லை இருக்கிறதே, அப்பப்பா. விழுங்கினால் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும், சோற்றைப் பார்த்தாலே குமட்டும். கிருமி முதலில் சுலபமாகச் சாகும், மிச்சம் இருப்பதுதான் பொல்லாதது, அதனால் உடம்பு தேறிய பிறகும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் பஸ் பிடித்து மதராஸ் போவோம். இடையில் சொல்லாமல் கொள்ளாமல் நர்ஸம்மா வந்து நிற்பார். மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணிப் பார்ப்பார், சிறுநீர் வாங்கிச் சோதிப்பார். எங்களை நம்பவில்லையா என்று என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. மேரியின் கணக்கை யாரும் கெடுத்துவிடாமல் காவல் இருக்கிறார்கள் என்றே தோன்றியது.

எத்தனையோ நாள் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறேன். வீசி எறிய ஒரு நொடி ஆகாது. அப்போது அந்த ஈர ரவிக்கை ஞாபகம் வரும், விழுங்கிவிடுவேன். மூத்தார் தினமும் காலையில் இளநீர் சீவிக்கொண்டு வந்து திரைக்கு வெளியே நிற்பார். நான் விழுங்கிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் வயலுக்குப் போவார். குமட்டல் அடங்குவதற்கு அந்த இளநீர்தான் எனக்கு மருந்து.

வசந்தாவுக்கும் கையில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கிருமி உடம்பில் ஏறியிருந்தால் அந்த இடம் தடித்துக்கொள்ளும். ஊசி போட்டு அனுப்பிவிட்டு, மறுபடி வரச் சொல்வார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் குழந்தையின் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. என் வீட்டுக்காரர் அவளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தனம்," என்பார். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லைதான். ஒவ்வொரு தடவையும் நான் அழுதேன்.

என் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அடுத்த தடவையும் இல்லை. எக்ஸ்ரேயில் அந்த ஓட்டை சுருங்கிச் சுருங்கி ஒரு தழும்பாக நின்றது. ஒரு வருஷம் முடிந்தபோது நான் நாற்று நடப் போனேன்.

மேரியை மறுபடி பார்த்தது அதே ஆஸ்பத்திரியில். முகத்தில் சதை பிடித்து ஆளே மாறியிருந்தாள். இடுப்பில் பையன். அவன் அவளைப் பார்க்காமல் பின்னால் நின்ற அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வூட்டுக்குள்ள போனதும் அத்த பின்னாடி போய் ஒளிஞ்சிக்கினான் யக்கா. யாரோ வந்துக்கீறாங்கன்னு அழுவுறான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முடிவு தெரிய இன்னும் காலம் ஆயிற்று. நோய் திரும்ப வருகிறதா என்று வருஷக்கணக்கில் எங்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தேறியிருக்கிறார்கள். வீட்டில் கூட இருந்த குழந்தைகளுக்கும் அதனால் அதிகமாக ஒட்டவில்லை. மற்ற இடங்களில் பார்த்தவையும் இதோடு ஒத்துப்போகின்றன. அன்றைக்குத் தெரியாது என்ற அதே வாயால், "இப்போ தெரியும்," என்றார். அப்போதுதான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. உடனே மேரியைப் பார்த்துத் திக்கென்றது. அப்படியென்றால் இவள் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கவே வேண்டாமே. மேரி என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"போனதாலதானே வேணாம்னு தெரிஞ்சிது," என்றாள்.

காலம் ஓடிற்று. எங்கள் பக்கம் வயல்களை அளந்து கல் நட்டு, கம்பெனிகள் ஒன்றொன்றாக வரத் தொடங்கின. வசந்தாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. மூத்தாருக்கு வயதாகிவிட்டது. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனே இது அதேதான் என்று சொல்லிவிட்டேன், ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சளியில் கிருமி இருந்தது. ஜன்னலில் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மூத்தார் நகரவில்லை. பொட்டலத்தை உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா தனம், சீட்டுகூடப் போடல. கெயவன்தானேன்னு வூட்டுக்குப் போவ சொல்ட்டானுங்களா?"

"சீட்டு எப்பவோ எடுத்தாச்சு மாமா," என்றேன். "உங்களுக்கும் சேத்து மேரிதான் எடுத்தா."

அவர் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் இருந்தன. ஒரகடம் வழியாகப் படப்பைக்குப் போகிற பஸ் எப்போது என்று கேட்டார். உடம்பு தேறிய பிறகு போகலாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

படப்பையில் மேரி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மூத்தார் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். வாயைப் பொத்திய துண்டை எடுக்காமல், இரண்டு கையாலும் வெற்றிலையை நீட்டினார். மேரி என்னைப் பார்த்தாள், அவர் மடியில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள்.